குப்பைத் தாளும் ஒரு மணிச் சரமும்

கரும்பு, மஞ்சள், மாடு, மழைன்னு எழுதிக்கிட்டிருக்கிற ஆளு திடீர்னு பாசிமணி பக்கம் வந்துட்டானேன்னு நினைக்காதீங்க. கொஞ்சம் சுத்தி வளைச்சுப் பார்த்தா இதுவும் விவசாயி கதைதான்.

எங்க ஊர்ல இப்ப நாலஞ்சு வீட்டுல பொண்ணுங்க காகிதத்தை உருட்டி மணி செய்யறாங்க. மாதக் காலண்டர் தாள், பழைய வார இதழ் அட்டை, கல்யாணப் பத்திரிகை, எது கிடைச்சாலும் சரி. தாளை நீளமான முக்கோணமா வெட்டணும். அடி ஒரு அங்குலம், நீளம் பத்து அங்குலம். அகலமான பக்கத்துல ஆரம்பிச்சு, விளக்குமாத்து ஈர்க்கு மேல இறுக்கிச் சுத்திக்கிட்டே வந்தா, கூர்முனை கடைசியில நட்ட நடுவுல வந்து ஒட்டும். அங்க ஒரு சொட்டுப் பசை. ஈர்க்கை உருவினா ஓட்டையோட ஒரு மணி. ரெண்டு தடவை வார்னிஷ் அடிச்சுக் காய வெச்சா கல்லு மாதிரி ஆயிடும். அடியோட அகலம்தான் மணியோட நீளம். தாளோட நீளம் கூடக்கூட வயிறு பெருக்கும். முக்கோணத்துக்குப் பதிலா நீளப் பட்டையா வெட்டினா சின்னக் குழாய் மாதிரி வரும். இவ்வளவுதாங்க தொழில்நுட்பம். பத்து வயசுப் புள்ளைக்குப் பத்து நிமிஷத்துல வந்துரும்.

இவ்வளவு லேசான வேலையை மனுஷங்க ஏன் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே ஊரெல்லாம் செய்யலைங்கறதுதான் எனக்கு வந்த கேள்வி. காகிதம் சீனாவுல கிட்டத்தட்ட ரெண்டாயிரம் வருஷமா இருக்கு. மணி கோக்கற வேலை அதைவிடப் பல மடங்கு பழசு. பசை இருக்கு, நூல் இருக்கு. அப்புறம் எது இல்லை?

குப்பை இல்லைங்க.

தாள் காசா இருந்த காலம்

பழைய காலத்துல காகிதம் ஒரு விலையுயர்ந்த சரக்கு. ஐரோப்பாவுல கந்தல் துணியை ஊற வெச்சு, இடிச்சுக் கூழாக்கி, சல்லடையில ஒவ்வொரு தாளா அள்ளி எடுக்கணும். கந்தலுக்கே தட்டுப்பாடு வந்துச்சு. 1799ல பிரான்சில் லூயி நிக்கோலா ராபர்ட் என்பவர் முடிவில்லாத நீளத்துக்குத் தாள் ஓட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1844ல ஜெர்மனியில் கெல்லர் என்பவர் மரத்தை அரைச்சுக் கூழாக்கும் வழியைக் கண்டுபிடிச்சார். அதுக்கப்புறம்தான் தாள் விலை இறங்க ஆரம்பிச்சுது.

அதுக்கு முன்னாடியும் தாளை உருட்டி அலங்காரம் செஞ்சவங்க இருந்தாங்க. மெல்லிய பட்டையா நறுக்கி, சுருட்டி, பெட்டி மேலயும் படச் சட்டத்துலயும் ஒட்டற வேலை அது. நீங்க கடையில பார்க்கிற குயில்லிங் தோட்டுக்கு அதுதான் பாட்டி. ஆனா அது பெரிய வீட்டுப் பெண்களோட பொழுதுபோக்கு. 1811ல வந்த ஜேன் ஆஸ்டினோட ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ நாவல்ல இது வருது. ஒரு செல்லக் குழந்தைக்காகக் காகிதச் சுருள் கூடை ஒண்ணு செஞ்சு முடிக்கணும். தாளைச் சுருட்டித் தரேன்னு எலினார் உக்கார்ந்து, அந்தச் சாக்குல ரகசியம் பேசுவாள். தாளும் ஓய்வும் ரெண்டுமே இருக்கிற வீட்டுல மட்டும் நடக்கிற காட்சி அது.

இங்கிலாந்துல சுவர்த்தாளுக்கு 1712லயே வரி போட்டாங்க. 1836ல அதை எடுத்தாங்க. மூணு வருஷம் கழிச்சு, 1839ல, லங்காஷயர்ல நீராவி உருளையில சுவர்த்தாள் அச்சடிக்கிற இயந்திரத்துக்குக் காப்புரிமை கிடைச்சுது. 1861ல காகிதத்துக்கு இருந்த கலால் வரியும் போச்சு. சாதாரண வீட்டுச் சுவருக்கும் பூப்போட்ட தாள் வந்துச்சு. ஒட்டினது போக மிச்சம் விழுந்த கலர் துண்டை என்ன பண்றது? விக்டோரியா காலத்துப் பெண்கள் அதைத்தான் பின்னல் ஊசியில சுத்தி, தேன்மெழுகு தேய்ச்சு மெருகேத்தி, கோத்து, வாசல் திரையாத் தொங்க விட்டாங்கன்னு இந்தக் கைவேலை பத்தி எழுதறவங்க சொல்றாங்க. வரிக் கணக்கையும் இயந்திரக் கணக்கையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தா இது பொருந்துது. தாள் மிஞ்சற காலம் வந்த பிறகுதான் காகித மணி பிறக்க முடியும்.

நம்ம ஊர்ல ஓலை

நம்ம பக்கம் எழுதறதுக்குப் பனை ஓலை. பாடம் பண்ணின ஏட்டை யாரும் நகையாக்க மாட்டாங்க. ஆனா அதே மரத்துல வெட்டற சாதா ஓலை பஞ்சமில்லாமக் கிடைச்சுது. அதைப் பட்டையாக் கிழிச்சு, சுருளாச் சுத்தி, காதுத் துளையில வெச்சாங்க. சுருள் மெல்ல விரிய விரிய காது வளரும். அதுதான் காதோலை. பின்னால அதே வடிவத்துல தங்கத்துல செஞ்சு போட்டப்பவும் பேரு ‘ஓலை’ன்னே நின்னு போச்சு.

இன்னைக்குக் காதுல ஓலை போடறவங்க இல்லை. ஆனா ஆடிப்பெருக்கு அன்னைக்குக் காவிரிக் கரைக்கு வாங்க. மஞ்சள், குங்குமம், தாலிக்கயிறோட காதோலை கருகமணி தட்டுல இருக்கும். சிவப்புச் சாயம் போட்ட சின்ன ஓலைச் சுருளும், கூடவே நாலு கருப்பு வளையமும். ஆத்துக்குச் சீர் செய்யற மாதிரி விடுவாங்க. உருட்டின ஓலையை நகையா மதிச்ச காலத்தோட மிச்சம் அந்த ரெண்டு ரூபாய்ச் சுருள். அதனால தாளைச் சுருட்டி அணியறது எங்கயோ வெளிநாட்டுல இருந்து வந்த புத்தின்னு எனக்குத் தோணலை.

நொய்யல் மேல ஒரு பட்டறை

மணின்னு பேச்சு எடுத்துட்டு எங்க நொய்யலை விட முடியாது. நொய்யல் வடகரையில, சென்னிமலைப் பக்கம், கொடுமணல்னு ஒரு சின்ன ஊர். பதிற்றுப்பத்து கொடுமணம் என்று சொல்லும் ஊர் இதுதான்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. 1985ல இருந்து அங்க பல தடவை தோண்டியிருக்காங்க. பேராசிரியர் கா. ராஜன் அதுல முக்கியமானவர். இரும்பு உருக்கின உலை, பேரு கீறின பானை ஓடு, அதோட கல்மணி செஞ்ச பட்டறையோட தடயம் எல்லாம் கிடைச்சுது.

பளிங்கு, செவ்வந்திக்கல், நீலக்கல், சூதுபவளம், பெரில்னு பல கல்லு. பெரில் கல்லுக்குக் காங்கயம் பக்கத்துப் படியூர். நீலக்கல் வகைக்குச் சிவன்மலைப் பக்கம். சூதுபவளம் குஜராத் பக்கமிருந்து வந்திருக்கணும். ஒரே ஒரு ஈமக்குழியில ரெண்டாயிரத்துக்கு மேல சூதுபவள மணி கிடைச்சதா அகழாய்வு சொல்லுது. முதல் நூற்றாண்டுல ரோமாபுரியில இருந்து எழுதின பிளினி, நல்ல பெரில் இந்தியாவுல கிடைக்குதுன்னு குறிச்சு வெச்சிருக்கார்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அங்க கிடைச்ச அரைகுறை மணிங்கதான். வெட்டி மட்டும் வெச்சது, தேய்ச்சு மட்டும் வெச்சது, ஓட்டை போடறப்ப உடைஞ்சது. கல்லுல ஓட்டை போடறது சாமானியமில்லை. ரெண்டு பக்கமும் துளைச்சு நடுவுல சந்திக்க வைக்கணும். தவறினா அத்தனை நாள் உழைப்பும் போச்சு. காகித மணியில இந்தப் பயமே கிடையாது, ஏன்னா ஓட்டையைச் சுத்தித்தானே மணியே உருவாகுது! கோணல் ஆனா பிரிச்சு மறுபடி சுத்திக்கலாம்.

அதே நொய்யல் கீழ வந்து கரூர் மாவட்டத்துல காவிரியில சேருது. அங்கிருந்து கூப்பிடு தூரத்துல காகிதபுரம். 1979ல தொடங்கின தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் அங்கதான் இருக்கு. மரத்துக்குப் பதிலா கரும்புச் சக்கையில தாள் செய்யறதுதான் அதோட பெருமை. சர்க்கரை ஆலைங்க சக்கையை எரிச்சுத்தான் நீராவி எடுக்கும். அந்தச் சக்கையை வாங்கிக்கிட்டு, எரிக்க நிலக்கரியோ நீராவியோ பதிலுக்குக் கொடுக்கற ஏற்பாடு. அதனால எங்க பக்கத்து வீட்டு அம்மிணி உருட்டற மணியில எங்க காட்டுக் கரும்போட நார் கொஞ்சம் இருந்தாலும் இருக்கும். ஆத்தோட மேல்பக்கம் கல்மணி, கடைப்பக்கம் காகித மணி. நடுவுல ரெண்டாயிரம் வருஷம்.

கேழ்வரகு நாட்டுக் கதை

இனி கடல் தாண்டிப் போலாம். நாம களி கிண்டற கேழ்வரகோட பூர்வீகம் கிழக்கு ஆப்பிரிக்கா. சோளமும் அந்தக் கண்டத்துல இருந்து வந்ததுதான். இன்னைக்கும் உகாண்டா நாட்டு வடக்கே இருக்கிற அச்சோலி மக்களுக்குக் கேழ்வரகு, சோளம், எள்ளு இதெல்லாம் முக்கியமான வெள்ளாமை. மாடுதான் சொத்து. நம்மள மாதிரி ஆளுங்கன்னு வெச்சுக்கங்களேன்.

1980களோட கடைசியில அங்க உள்நாட்டுச் சண்டை. மாட்டு மந்தையெல்லாம் கொள்ளை போச்சு. ஜோசப் கோனியோட எல்.ஆர்.ஏ. படை ஊர்ல புகுந்து குழந்தைகளைத் தூக்கிட்டுப் போச்சு. 1996ல இருந்து அரசாங்கம் கிராமத்து ஜனங்களைக் காலி பண்ணி முகாம்ல அடைச்சுது. 2005 வாக்குல முகாம்கள்ல இருந்தவங்க பதினைஞ்சு லட்சத்துக்கு மேல. அச்சோலி ஜனங்கள்ல பத்துக்கு ஒன்பது பேர் தங்க காட்டுல இல்லை. காடு கண்ணுக்கெட்டற தூரத்துல இருக்கு, ஆனா விதைக்கப் போனா உயிருக்கு உத்தரவாதமில்லை. விதைக்க முடியாத விவசாயி அரிசி மூட்டைக்கு வரிசையில நிக்கறதை நினைச்சுப் பாருங்க.

தப்பிச்சு ஓடினவங்கள்ல கொஞ்சப் பேர் தலைநகர் கம்பாலாவுக்கு வந்து ஒரு மலைச்சரிவுல குடிசை போட்டாங்க. அச்சோலி குவார்ட்டர்ஸ்னே அந்த இடத்துக்குப் பேரு. பக்கத்துல கல் குவாரி. பொம்பளைங்க முதுகுல குழந்தையைக் கட்டிக்கிட்டு சுத்தியலால ஜல்லி உடைச்சாங்க. ஜெர்ரிகேன் நிறைஞ்சா இவ்வளவுன்னு சில்லறைக் கூலி. அந்தக் குடிசைங்கள்லதான் காகித மணி உருண்டுச்சு. பழைய இதழ், சுவரொட்டி, காலண்டர், அச்சகத்துல கழிச்சுப் போட்ட தாள் இதெல்லாம்தான் மூலப்பொருள். நமக்குச் சிவகாசி மாதிரி கம்பாலாவுல நாசர் ரோடுன்னு ஒரு தெரு முழுக்க அச்சகம். தாளுக்குக் குறைவில்லை. வாங்க ஆள்தான் இல்லை.

2004ல அமெரிக்காவுல இருந்து வந்த மூணு பெண்கள் இந்த மணியைப் பார்த்துட்டு, கொஞ்சம் வாங்கிட்டுப் போய்த் தோழிகளுக்குக் காட்டினாங்க. அப்படிப் பிறந்ததுதான் பீட்ஃபார்லைஃப் அமைப்பு. அவங்க கடை திறக்கலை. டப்பர்வேர் விக்கற மாதிரி, ஒரு வீட்டம்மா அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டு, பெட்டி நிறைய மாலையைப் பரப்பி, செஞ்சவங்க கதையைச் சொல்லி வித்தாங்க. அமெரிக்கா பூரா இந்த ‘மணி விருந்து’ நடந்துச்சு.

இதுல நான் கவனிச்ச விஷயம் ஒண்ணு உண்டுங்க. அந்த அமைப்பு யாரையும் காலம் பூரா மணி உருட்டச் சொல்லலை. சுமார் ஒன்றரை வருஷம். அதுக்குள்ள சேமிப்புக் கணக்கு தொடங்கணும், வேற ஒரு தொழில் கத்துக்கணும், மணிக் காசை முதலாப் போட்டு அதை ஆரம்பிக்கணும். காய்கறி கடை, கோழி, தையல், ஏதோ ஒண்ணு. அப்புறம் அடுத்த ஆளுக்கு இடம். வீடு கட்டிக்கவும் வழி பண்ணினாங்க. பின்னால அமைப்பே மணி விக்கறதை விட்டுட்டு, தெருவோர வியாபாரம் சொல்லித் தர்ற பள்ளியா மாறிடுச்சு. மாலை ஒரு மோஸ்தர். வாங்கறவங்க நாலு வருஷத்துல அலுத்துப் போவாங்கங்கறது அவங்களுக்கு முதல்லயே தெரிஞ்சிருக்கு.

2006ல சண்டை நிறுத்தம் வந்துச்சு. நிறையப் பேர் ஊர் திரும்பினாங்க. பத்து இருபது வருஷம் உழாத காடு, எல்லைக்கல் காணோம், யாரோடது எதுன்னு தகராறு. ஊருக்குப் போகாம நகரத்துலயே தங்கிட்டவங்களும் உண்டு.

காடு போனா கையில மணி

நம்ம நரிக்குறவர்கள் கதையும் இதே தடத்துலதான் போகுது. வேட்டையும் ஊசி பாசி விக்கறதும் அவங்க பிழைப்பு. 1972ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் துப்பாக்கி போச்சு, பாசிமணி மட்டும் மிஞ்சிச்சு. பேருந்து நிலையத்துல தரையில உக்கார்ந்து கோக்கறதை எல்லாரும் பார்த்திருப்போம். பழங்குடிப் பட்டியல்ல அவங்களைச் சேர்க்கிற சட்டம் 2023லதான் வந்துச்சு.

நிலம் இல்லாதவங்களுக்கும், நிலம் பறிபோனவங்களுக்கும் மணிதான் தோதான தொழில். மடியில வெச்சே செய்யலாம். துரத்தினா முடிச்சுப் போட்டு எடுத்துட்டு ஓடலாம். முதலும் வேண்டியதில்லை.

எங்க நொய்யல்லயும் நிலம் போயிருக்கு, சண்டை இல்லாமலே. கொடுமணலுக்குப் பக்கத்துலதான் ஒரத்துப்பாளையம் அணை. 1992ல கட்டி முடிச்சாங்க. விவசாயத்துக்குன்னு தேக்கின அணையில சாயக்கழிவுதான் வந்து நின்னுச்சு. தண்ணியைத் திறந்தாலும் கேடு, திறக்காட்டியும் கேடு. கிணத்துல உப்பு ஏறுச்சு. விவசாயிங்க கோர்ட்டுக்குப் போனாங்க. 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லித் தீர்ப்பு கொடுத்துச்சு. அதுக்குள்ள எத்தனையோ தென்னை மொட்டையாகி, எத்தனையோ குடும்பம் பனியன் கம்பெனிக்கு வண்டி ஏறியாச்சு.

எனக்குத் தங்கச்சி முறை ஆகற ஒருத்தி அந்தக் கரையில வாக்கப்பட்டவள். காட்டுல இப்பத் தீவன சோளம் மட்டும்தான். அவளும் காகித மணி உருட்டறாள். கணக்கு கேட்டேன். ஒரு மாலைக்கு இருபது மணி, இடையில கோக்கச் சின்ன முத்து. வெட்ட, உருட்ட, வார்னிஷ் அடிக்க, கோக்கன்னு மொத்தம் ரெண்டு மணி நேரம். வார்னிஷ், கொக்கி, முத்து, நூல் முப்பது ரூபாய். தானே வித்தா நூத்தியிருபது. கையில நிக்கறது தொண்ணூறு. கடைக்காரர் மூலம் போனா அவளுக்கு அறுபதுதான் வரும், நிக்கறது முப்பது. எட்டு மணி நேரத்துக்குப் பெருக்கிப் பாருங்க. நேரா வித்தா முந்நூத்தியறுபது. கடை வழியாப் போனா நூத்தியிருபது. களை வெட்டப் போனா எங்க பக்கம் நானூறு கிடைக்குது.

“பின்ன எதுக்கு அம்மிணி இந்த வேலை?”ன்னேன்.

“ஏனுங்ணா, மணி உருட்டிக் குடும்பம் நடத்த முடியுமுங்களா? களை வெட்டற காசு வீட்டுச் செலவுக்குப் போயிருது. இது யாரும் கணக்குக் கேக்காத காசுங். இதுல ரெண்டு வெள்ளாடு புடிச்சிருக்கறனுங்” அப்படின்னாள்.

கம்பாலாவுல ஒரு அமைப்பு திட்டம் போட்டுச் செஞ்சதை இவ தானே கண்டுபிடிச்சிருக்கா. மணி அவளுக்கு விதைக் காசு. வெள்ளாமைன்னு நம்பி உக்கார்ந்தா ஏமாந்து போவோம்னு அவளுக்குத் தெரியும்.

நம்ம மாநிலத்துல மகளிர் சுய உதவிக் குழு 1989ல தர்மபுரியில தொடங்கினது. அதுக்கப்புறம் ஊறுகாய், சணல் பை, சுடுமண் நகை, பட்டுநூல் வளையல், காகிதத் தோடுன்னு ஒவ்வொரு அலையா வந்து போச்சு. ஒவ்வொண்ணுக்கும் பயிற்சி வகுப்பு நடந்துச்சு, சான்றிதழ் கொடுத்தாங்க, போட்டோ எடுத்தாங்க. சந்தையும் அடுத்த வருஷம் என்னங்கற பேச்சும் மட்டும் பாதி இடத்துல இல்லை. ‘கைத்தொழில் ஒண்ணு கத்துக்கிட்டா பிழைச்சுக்கலாம்’னு மேடையில சொல்றப்ப எனக்குக் கோபம் வரும். பொம்பளைங்க ஏன் மணி உருட்ட வேண்டி வந்துச்சுன்னும் சேர்த்துப் பேசணும். கிணத்துத் தண்ணி நல்லா இருந்தா அவ மஞ்சள் நட்டிருப்பாள்.

பட்டணத்துல இருக்கிற உங்களுக்கு ரெண்டு விஷயம் சொல்லிக்கறேன். பொழுதுபோக்காச் செய்யறதுன்னா தாராளமாச் செய்யுங்க. போன வருஷத்து மாதக் காலண்டர் ஒரு தாள் போதும், எதிரெதிரா முக்கோணம் வெட்டினா ஐம்பது மணி வரும். முதல் அஞ்சாறு கோணலாத்தான் வரும், பரவாயில்லை. கண்காட்சியில, கோயில் வாசல்ல, யாராவது செஞ்சு விக்கறதைப் பார்த்தீங்கன்னா, செஞ்சவங்க கையிலயே காசைக் கொடுத்து வாங்குங்க. கடைக்கும் கைக்கும் நடுவுல எவ்வளவு விழுதுன்னுதான் மேல கணக்கு பார்த்தோமே.

தங்கச்சியோட வெள்ளாடு ஒண்ணு இப்பச் சினையா இருக்கு. இன்னொரு சீசன் மாலை போச்சுன்னா மூணாவதும் புடிப்பேங்கறாள். அதுக்கப்புறம் மணி உருட்டறதை விட்டாலும் விட்டுருவாளாம்.